எழுத்து எங்கே போகிறது? – 6: இருநூறு நொடிக் காவல்

சென்ற வாரம் ஒரு கேள்வியோடு நிறுத்தியிருந்தோம். திரையில் நான்கு ஜன்னல்கள் திறந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று திடீரென்று உறைந்துபோகிறது. இப்போது கீபோர்டு யாருக்குச் சொந்தம்?

வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடலாம். 1973இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் உருவான ஆல்டோ கணினியில், ஸ்மால்டாக் குழுவினர் ஜன்னல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டினார்கள். 1984இல் வந்த மெக்கின்டாஷ் அதற்கு ஓர் ஒழுங்கு வைத்தது: எதை க்ளிக் செய்கிறாயோ அது மேலே வரும், எழுத்தும் அதற்கே போகும். அதே ஆண்டு எம்ஐடியில் பிறந்த எக்ஸ் விண்டோ உலகத்தில் பலர் வேறொரு பழக்கத்துக்குப் போனார்கள். மவுஸ் அம்பு எந்த ஜன்னலின்மேல் நிற்கிறதோ, எழுத்து அதற்குப் போகும், க்ளிக்கே வேண்டாம். 1985 நவம்பரில் வந்த விண்டோஸ் 1.0, ஜன்னல்களைத் தரையில் பதித்த ஓடுகள்போலப் பக்கம் பக்கமாக வைத்தது. 1987இல் 2.0 வந்தபோதுதான் அவை ஒன்றையொன்று மறைக்கத் தொடங்கின.

மறைக்கத் தொடங்கியதும் சண்டையும் தொடங்கிவிட்டது. முன்னால் நிற்பது யார்?

* * *

ஒரே கியூ

1990 மே மாதம் விண்டோஸ் 3.0 வெளிவந்தது. அதன் உள்ளே, விசையில் விழும் ஒவ்வொரு தட்டலும் மவுஸின் ஒவ்வொரு அசைவும் ஒரே ஒரு கியூவில் போய் நின்றன. எத்தனை புரோகிராம் ஓடினாலும் கியூ ஒன்றுதான்.

இதைக் கேட்டால் இன்றைய புரோகிராமர்கள் சிரிப்பார்கள். ஆனால் அதற்குப் பின்னால் ஓர் அருமையான காரணம் இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போனால், அதை எழுதியவர்களை முட்டாள்களாக்கிவிடுவோம்.

விரல் வேகமான ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஆல்ட், எஃப், ஓ என்று தட்டுகிறார்: கோப்பைத் திற என்று கட்டளை. கோப்பின் பெயரைக் கேட்கும் சின்னப் பெட்டி திரையில் வருவதற்குள் அந்தப் பெயரையும் அடித்து, என்டரையும் தட்டிவிடுகிறார். அந்தக் காலத்து டிஸ்க் அவர் விரலைவிட மெதுவானது. பெயரின் முதல் எழுத்தை அவர் அடிக்கும்போது, அது போய்ச் சேரவேண்டிய பெட்டி இன்னும் பிறக்கவே இல்லை.

அந்த எழுத்தை எங்கே அனுப்புவது?

ஒரே கியூவில் இதற்கு விடை சுலபம். முன்னால் நிற்கும் தட்டலை ஒரு புரோகிராம் வாங்கி, செய்யவேண்டியதைச் செய்து முடிக்கும்வரை, அடுத்த தட்டல் யாருக்கு என்ற கேள்வியையே கணினி எடுக்காது. ‘ஓ’ முடிந்தது, பெட்டி பிறந்தது, ஃபோகஸ் (அதாவது, தட்டலை வாங்கும் உரிமை) அதற்குப் போனது, அதன்பிறகுதான் பெயரின் முதல் எழுத்துக்கு முகவரி எழுதப்படும். மனிதர் எந்த வரிசையில் நினைத்தாரோ, அதே வரிசையில் எல்லாம் நடக்கும். ஓர் எழுத்துகூட வழிதவறாது.

இவ்வளவு சரியான ஒரு ஏற்பாட்டின் விலை என்ன என்பது, ஐபிஎம்முக்குத்தான் முதலில் முழுதாகத் தெரிந்தது.

* * *

ஓடிக்கொண்டே உறைவது

மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் கூட்டாகச் செய்த ஓஎஸ்/2, 1988இல் தன் 1.1 பதிப்பில் ‘பிரசென்டேஷன் மேனேஜர்’ என்ற ஜன்னல் அமைப்பைப் பெற்றது. விண்டோஸ் 3 போல, ஒரு புரோகிராம் தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்தது ஓடும் என்ற நிலைமை அங்கே இல்லை. ஓஎஸ்/2 ஒவ்வொன்றிடமிருந்தும் நேரத்தைப் பிடுங்கி அடுத்ததற்குக் கொடுக்கும். ஒன்று மாட்டிக்கொண்டாலும் மற்றவை ஓடும். வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் அதை நம்பி வாங்கியதற்கு இந்த உறுதியும் ஒரு காரணம்.

ஆனால் கியூ மட்டும் ஒன்றுதான்.

இதன் விளைவு விநோதமானது. ஒரு புரோகிராம் தன் கையில் கொடுக்கப்பட்ட தட்டலை முடிக்காமல் மாட்டிக்கொண்டால், பின்னணியில் பிரின்டர் ஓடும், கோப்பு இறங்கும், கணக்கு நடக்கும். அதாவது கணினி சாகவில்லை. ஆனால் எந்த ஜன்னலை க்ளிக் செய்தாலும் ஒன்றும் ஆகாது. உங்கள் க்ளிக்குகள் எல்லாம் அந்த மாட்டிக்கொண்ட தட்டலுக்குப் பின்னால் கியூவில் நிற்கின்றன. ரேஷன் கடையில் முன்னால் நிற்பவரின் அட்டையில் ஏதோ குளறுபடி, கடைக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார், உள்ளே மூட்டை மூட்டையாக அரிசி இருக்கிறது, கியூ நகரவில்லை.

ஓஎஸ்/2 புரோகிராமர்களுக்கு அதனால் ஒரு நன்னடத்தை விதி சொல்லப்பட்டது: எந்தச் செய்தி வந்தாலும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடித்துத் திருப்பிக் கொடுத்துவிடு. அதற்குமேல் ஆகும் வேலை என்றால் தனி த்ரெட்டில், அதாவது புரோகிராமுக்குள்ளேயே தனியாக ஓடும் ஓர் இழையில், போடு.

நன்னடத்தை விதிகளின் தலையெழுத்து நமக்குத் தெரியும். நூறு பேர் ஒழுங்காக இருந்து ஒருவர் மீறினால், நிற்பது நூறு பேரும்தான். 1992இல் 2.0 வந்தது, 1994இல் வார்ப் வந்தது. ஒற்றைக் கியூ பற்றிய புலம்பலும் கூடவே வந்தது. பின்னாளில் ஒட்டுப்போட்டுச் சமாளித்தார்கள். என் கணிப்பில், ஓஎஸ்/2 தோற்றதற்கு இது முதல் காரணம் இல்லை. ஆனால் அதை நேசித்தவர்களே வாய்விட்டுத் திட்டிய ஒன்று உண்டென்றால், அது இதுதான்.

* * *

கியூவை உடைத்தவர்கள்

1988இல் டெக் நிறுவனத்திலிருந்து மைக்ரோசாஃப்டுக்கு வந்தார் டேவிட் கட்லர். அவர் தலைமையில் உருவான விண்டோஸ் என்டி 3.1, 1993 ஜூலையில் வெளியானது. ஒரு புரோகிராமின் தவறு இன்னொன்றைத் தொடக்கூடாது என்பது அந்த அணியின் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்துக்கு முன்னால் ஒற்றைக் கியூ நிற்க முடியவில்லை.

உடைத்தார்கள். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனிக் கியூ.

கீபோர்டிலிருந்து வரும் தட்டலை அமைப்பின் ஒரு த்ரெட் வாங்கும். இப்போது முன்னால் நிற்பது யார் என்று பார்க்கும். அவருடைய கியூவில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். அவர் எடுத்தாரா, முடித்தாரா என்று காத்திருக்காது. ஒருவர் உறைந்தால் அவர் கியூ மட்டும் நிரம்பும். நீங்கள் இன்னொரு ஜன்னலை க்ளிக் செய்து வேலையைத் தொடரலாம்.

சென்ற வாரக் கேள்விக்கு இதுதான் விடை. உறைந்தவனிடமிருந்து கீபோர்டைப் பிடுங்கிவிடலாம். 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95, பழைய 16-பிட் புரோகிராம்களை மட்டும் ஒரே கியூவில் விட்டுவிட்டு, புதிய 32-பிட் புரோகிராம்களுக்கு இதையே வீடுவீடாகக் கொண்டுபோனது.

கியூ பிரிந்ததும் கூடவே பல சொத்துகளும் பிரிந்தன. ஃபோகஸ் எந்தப் பெட்டியில், செயலில் இருக்கும் ஜன்னல் எது, மவுஸைப் பிடித்திருப்பது யார், ஷிஃப்ட் அழுத்தப்பட்டிருக்கிறதா — ஒவ்வொரு த்ரெட்டுக்கும் இவற்றில் தனிப் பிரதி. கீபோர்டின் மொழிகூடத்தான். விண்டோஸ் 2000 தமிழ் விசைப்பலகையோடு வந்தபோது, ஒரு ஜன்னலில் தமிழுக்கு மாறிவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போனால் ஆங்கிலம் விழுந்ததே, அதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்து நம்மில் பலர் அப்போது கணினியை அணைத்து அணைத்துப் போட்டோம். மொழியை எல்லா ஜன்னலுக்கும் பொதுவாக்கும் ஏற்பாடு இயல்பாக வருவதற்கு விண்டோஸ் 8 வரவேண்டியிருந்தது.

இழந்ததும் உண்டு. முன்பு சொன்ன அந்த வேக விரல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே புரோகிராமுக்குள் அவர் பிழைத்துக்கொள்வார். ஆனால் அவர் தட்டும் கட்டளை இன்னொரு புரோகிராமையே திறப்பதாக இருந்தால்? விண்டோஸ் விசையும் ஆர்-உம் தட்டி, நோட்பேட் என்று அடித்து, என்டர் போட்டு, நிற்காமல் எழுதத் தொடங்குகிறார். நோட்பேட் கண்விழிப்பதற்குள் அடித்த எழுத்துகள் பழைய ஜன்னலுக்குப் போய்விடுகின்றன. ஒற்றைக் கியூ காப்பாற்றி வைத்திருந்த ஒழுங்கு இது. உறைந்துபோகாமலிருக்க அதை விற்றுவிட்டோம்.

நல்ல பேரம்தான் என்பேன். ஆனால் அந்தப் பேரத்தில் இன்னொரு கதவும் திறந்துகொண்டதை அப்போது பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை.

* * *

குறுக்கே வருபவர்கள்

பழைய விண்டோஸில் ‘செட்ஃபோகஸ்’ என்று ஒரு புரோகிராம் கேட்டால், அது திரை முழுவதற்குமான ஃபோகஸ். புதிய ஏற்பாட்டில் அது அந்த த்ரெட்டின் சொந்த வீட்டு விவகாரம். நான்கு த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் தத்தம் வீட்டில் ஃபோகஸ் வைத்துக்கொண்டிருக்கலாம். கீபோர்டு அவற்றில் ஒன்றுக்குத்தான் பேசும். அந்த ஒன்று எது?

அதற்காகப் புதிதாக ஒரு கட்டளை தேவைப்பட்டது. பெயர் ‘செட்ஃபோர்கிரவுண்ட்விண்டோ’. இந்த ஜன்னலை எல்லாருக்கும் முன்னால் கொண்டுவா, கீபோர்டை இதற்குக் கொடு.

யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்டால் கிடைக்கும்.

1995க்குப் பிறகு என்ன நடந்தது என்று நினைத்துப்பாருங்கள். இணையம் வீட்டுக்குள் வருகிறது. டயல்-அப் இணைப்பு அறுந்தால் ஒரு பெட்டி குதிக்கிறது. 1996இல் ஐசிக்யூ வருகிறது. நண்பரின் செய்தி ஜன்னலாக எழுகிறது. வைரஸ் தடுப்பு எழுந்து தன் கடமையைச் சொல்கிறது. பின்னணியில் ஏதோ நிறுவிக்கொண்டிருந்தது, முடிந்துவிட்டேன் என்று முன்னால் வந்து நிற்கிறது.

ஒவ்வொன்றுக்கும் தன் செய்திதான் உலகத்திலேயே அவசரமான செய்தி. இங்கே வில்லன் யாரும் கிடையாது. தன் ஜன்னல் பின்னால் பதுங்கிவிட்டால் பயனர் பார்க்கமாட்டாரே என்று நியாயமாகவே கவலைப்பட்ட ஆயிரம் புரோகிராமர்கள் இருந்தார்கள். ஆயிரம் நியாயமும் ஒரே திரையில் முட்டிக்கொண்டன.

நடுவில் ஒரு மனிதர் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். கண் பக்கத்திலிருக்கும் தாளில். விரல் கீபோர்டில். பாஸ்வேர்டின் முதல் நான்கு எழுத்துகள் அதற்குரிய பெட்டியில் விழுகின்றன. ஐந்தாவது எழுத்துக்கு முன் ஓர் அரட்டை ஜன்னல் முளைக்கிறது. மீதி நான்கும் என்டரும் நண்பருக்குப் போகின்றன.

இன்னொருவர் பத்தியை முடித்து என்டர் தட்டும் அந்தக் கணத்தில், ‘இப்போது கணினியை மறுதுவக்கலாமா?’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. ‘சரி’ என்ற பொத்தான் ஏற்கெனவே தேர்வாகி இருக்கிறது. என்டர் அதில் விழுகிறது. கேட்டது என்ன என்று படிக்கும் முன்பே பதில் சொல்லியாகிவிட்டது.

ஆங்கிலம் பேசும் உலகம் இதற்கு வைத்த பெயர் ஃபோகஸ் திருட்டு. பொருளைக் காட்டிலும் கவனத்தைத் திருடுவது என்று அர்த்தம் விரியும் பெயர்; பொருத்தமாகத்தான் விழுந்திருக்கிறது.

* * *

பூட்டு

1998 ஜூனில் விண்டோஸ் 98. 2000 பிப்ரவரியில் விண்டோஸ் 2000. இந்த இரண்டிலும் அந்தக் கட்டளையின் பெயர் மாறவில்லை. எழுதும் முறை மாறவில்லை. அர்த்தம் மட்டும் மாறியது.

‘கொண்டுவா’ என்பது ‘கொண்டுவரலாமா?’ ஆயிற்று.

இனி விண்டோஸ் முதலில் விசாரிக்கும். நீ ஏற்கெனவே முன்னால் நிற்பவனா? முன்னால் நிற்பவன் உன்னைத் தொடங்கிவைத்தானா? பயனரின் கடைசித் தட்டலோ க்ளிக்கோ உனக்கு வந்ததா? இப்படி ஏதாவது ஓர் உறவு இருந்தால் வா. இல்லையென்றால் கீழே டாஸ்க்பாரில் உன் பொத்தான் மின்னும். பயனர் பார்த்து, விரும்பினால், அவரே க்ளிக் செய்து உன்னை அழைப்பார்.

வாசலில் நின்று கூவலாம், கூடத்துக்குள் நுழையக்கூடாது.

கூடவே ஒரு கடிகாரமும் வைத்தார்கள். பயனர் கடைசியாக எதையாவது தொட்டு 2,00,000 மில்லிநொடிகள் ஆகிவிட்டால் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். 200 நொடி, 3 நிமிடம் 20 நொடி. அவ்வளவு நேரமாகக் கை படவில்லையென்றால் ஆள் எழுந்து போயிருக்கவேண்டும், அவருடைய வேலையில் குறுக்கிடுவதாக ஆகாது என்பது கணக்கு. ரெஜிஸ்ட்ரியில் ‘ஃபோர்கிரவுண்ட்லாக்டைம்அவுட்’ என்ற பெயரில் இந்த எண் உட்கார்ந்திருக்கும். மைக்ரோசாஃப்டின் ட்வீக் யுஐ என்ற குட்டி மென்பொருளில், புரோகிராம்கள் ஃபோகஸைத் திருடுவதைத் தடு என்றே ஒரு தேர்வு இருந்தது. தொட்டுப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்.

200 என்பது யாரோ உட்கார்ந்து அளந்து கண்ட எண்ணாக எனக்குத் தோன்றவில்லை, உருண்டையாகப் போட்ட எண்ணாகத்தான் தோன்றுகிறது. நான்கு நிமிடம் கைகட்டி ஒரு நீண்ட கடிதத்தைப் படிப்பவர் எழுந்து போனவர் இல்லை. பதில் எழுதக் கையை வைக்கும் நொடியில் அவருக்கு முன்னால் காவல் திறந்திருக்கிறது.

இருந்தாலும் இந்த மாற்றத்தைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியவில்லை. அதுவரை முன்னிலை என்பது ஒரு புரோகிராம் எடுத்துக்கொள்ளும் பொருள். அதன்பிறகு அது பயனரின் கையிலிருந்து கிளம்பி, அவர் தொட்ட புரோகிராம் வழியாக, அந்தப் புரோகிராம் தொடங்கிய புரோகிராமுக்குப் போகும் ஓர் உரிமை. உரிமைக்கு ஒரு வம்சாவளி வந்துவிட்டது.

* * *

சாவி செய்தவர்கள்

பழைய புரோகிராம்கள் திகைத்தன. நேற்றுவரை முன்னால் வந்த ஜன்னல் இன்று டாஸ்க்பாரில் மின்னுகிறது. வாடிக்கையாளர் போன் செய்கிறார்: உங்கள் மென்பொருள் வேலை செய்யவில்லை.

புரோகிராமர்கள் பூட்டைச் சுற்றி வந்து பார்த்தார்கள். ஆல்ட் விசையைத் தட்டினால் பூட்டு தளர்கிறது என்று சிலர் கண்டுகொண்டார்கள். பயனர் தட்டவேண்டும் என்பதில்லை, தட்டியதாகப் புரோகிராமே பொய்யாக ஒரு தட்டல் அனுப்பினாலும் போதும். சிலர் ஜன்னலைச் சுருக்கி உடனே விரித்துப் பார்த்தார்கள். ஒவ்வொருவர் பையிலும் ஒரு கள்ளச்சாவி.

அவற்றில் மிகவும் புழங்கிய சாவிதான் இந்த அத்தியாயத்தின் உண்மையான திருப்பம்.

என்டி கியூவை உடைத்தபோது, அவசரத் தேவைக்காக ஒரு கட்டளையை விட்டுவைத்திருந்தார்கள்: ‘அட்டாச்த்ரெட்இன்புட்’. இரண்டு த்ரெட்டுகளின் கியூக்களை ஒன்றாக முடிச்சுப்போடும். ஒரு ஜன்னலுக்குள் இன்னொரு த்ரெட்டின் ஜன்னல் குடியிருக்கும்போது, இரண்டுக்கும் ஃபோகஸ் பற்றி ஒரே கருத்து இருக்கவேண்டுமே, அதற்காக.

கள்ளச்சாவி இப்படி வேலை செய்யும். இப்போது முன்னால் நிற்பவன் யார் என்று கேள். அவன் கியூவோடு உன் கியூவை முடிச்சுப் போடு. இப்போது நீயும் அவனும் விண்டோஸின் கண்ணுக்கு ஒரே குடும்பம். முன்னால் வா. முடிச்சை அவிழ். நான்கு வரி. ஒருவரிடமிருந்து ஒருவர் நகலெடுத்து அந்த நான்கு வரி உலகம் சுற்றியது.

என்ன செய்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். முடிச்சுப் போட்ட அந்தக் கணத்தில் இரண்டு புரோகிராம்களுக்கும் ஒரே கியூ. முன்னால் நிற்பவன் உறைந்திருந்தால்? முடிச்சுப் போட வந்தவனும் அவனோடு சேர்ந்து உறைகிறான். முடிச்சை அவிழ்க்கும் நான்காவது வரிக்கு அவன் வந்து சேருவதேயில்லை.

ஓஎஸ்/2வைப் பிடித்த அதே நோய். ஐந்து ஆண்டு பாடுபட்டு அதிலிருந்து வெளியேவந்த வீட்டுக்குள், ஜன்னல் வழியாக அதைத் திரும்ப இழுத்து வந்துவிட்டார்கள். மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் இப்படிக் கியூக்களை முடிச்சுப் போடுவதன் ஆபத்தை எச்சரித்து எழுதியிருக்கிறார். படித்தவர்கள் படித்தார்கள். நான்கு வரி மட்டும் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

* * *

கைமாறும் உரிமை

திருடர்களை விடுவோம். நேர்மையான ஒருவனுக்கே இந்தப் பூட்டு சிக்கலாக இருந்தது.

ஒரு மின்னஞ்சலில் இருக்கும் இணைப்பை க்ளிக் செய்கிறீர்கள். க்ளிக் போனது மின்னஞ்சல் புரோகிராமுக்கு. பக்கத்தைத் திறக்கவேண்டியதோ ஏற்கெனவே பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் பிரௌசர். அதை மின்னஞ்சல் தொடங்கிவைக்கவில்லை. பயனரும் இப்போது அதைத் தொடவில்லை. வம்சாவளிப்படி அதற்கு உரிமையே இல்லை. ஆனால் பயனர் கேட்டது அதைத்தான்.

இதற்காக விண்டோஸ் 2000 காலத்தில் இன்னொரு கட்டளை வந்தது: ‘அலோசெட்ஃபோர்கிரவுண்ட்விண்டோ’. உரிமை வைத்திருப்பவன், ‘இவன் வரட்டும்’ என்று அடுத்தவன் பெயரைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். இருப்பவன் கொடுக்கலாம், இல்லாதவன் எடுக்க முடியாது. அழகான ஏற்பாடு.

ஒரு நிபந்தனை மட்டும் சேர்த்தார்கள். பயனர் அடுத்ததாக வேறு எங்காவது ஒரு விசையையோ மவுஸையோ தட்டினால், அப்படிக் கொடுக்கப்பட்ட உரிமை காலாவதி.

காரணம் புரிகிறது. க்ளிக் செய்துவிட்டு மனிதர் வேறு வேலைக்குப் போய்விட்டார் என்றால், பத்து நொடி கழித்து பிரௌசர் வந்து அவர் முகத்தில் குதிக்கக்கூடாது.

ஆனால் இரண்டு பேரை யோசியுங்கள். இருவரும் ஒரே இணைப்பை க்ளிக் செய்தார்கள். பழைய கணினி, பிரௌசர் திறக்க ஐந்து நொடி ஆகிறது. முதலாமவர் மனம் மாறி, கடிதத்தைத் தொடர்ந்து எழுதத் தொடங்கிவிட்டார். இரண்டாமவர் பிரௌசருக்காகத்தான் காத்திருக்கிறார். சும்மா இருக்கமுடியாமல் கடிதத்தில் விட்டுப்போன ஒரு புள்ளியை வைத்தார்.

விண்டோஸுக்கு இருவரும் ஒன்றுதான். தட்டல் விழுந்தது, உரிமை போனது. பிரௌசர் பின்னாலேயே திறந்து, கீழே மின்னுகிறது. முதலாமவர் நிம்மதியாக எழுதுகிறார். இரண்டாமவர், ‘கூப்பிட்டேனே, ஏன் வரவில்லை?’ என்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஐந்து நொடிக்கு முன் அழுத்திய க்ளிக், இப்போது அழுத்திய புள்ளி: இவற்றில் எது அந்த மனிதரின் விருப்பம்?

இதில் வேடிக்கை என்னவென்றால், மைக்ரோசாஃப்டின் ரெட்மண்டில் இந்தப் பூட்டு தயாராவதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே, 1987இல் எம்ஐடியிலிருந்து வந்த எக்ஸ் 11, ஃபோகஸ் கேட்கும் கட்டளையோடு ஒரு சின்ன எண்ணையும் சேர்த்துக் கேட்டது. அந்த எண் யாரையும் ‘நீ யார்?’ என்று விசாரிக்கவில்லை. அது கேட்டது வேறு: ‘எப்போது?’

ஒரு நேரக்குறிப்பால் மனிதரின் மனத்தைப் படித்துவிட முடியுமா?

(தொடரும்)